ஓபராவும் விசில் ராக்கெட்டும்

என் காதைப் பற்றி நானே பெருமை பேசுவது அழகல்ல. வேறு யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே பேசிவிடுகிறேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். புதிதாகச் செய்த சரக்கில் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நாலைந்தை எடுத்து, பொட்டலில் வைத்துக் கொளுத்தி, தேறும் தேறாது என்று சொல்ல வேண்டும். வெளிச்சத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடலாம். சத்தத்துக்குத்தான் நான். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும், மருந்து நமத்திருந்ததா, சுற்றிய தாள் இளக்கமா என்று வெடித்த மறுநொடி சொல்லிவிடுவேன். வடக்கே இருந்து வரும் வியாபாரிகளிடம் முதலாளி என்னைக் காட்டி, "இவரு காதைத் தாண்டித்தான் லோடு வெளிய போகும்" என்பார். நான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடக்கமாம்.

இப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஊரில் நடக்கும் கேடுகளையெல்லாம் நான்தான் முதலில் கண்டுபிடித்து வீட்டில் அறிவிப்பேன். எங்கள் தெரு வேப்பமரத்தில் குருவிச் சத்தம் நின்றுபோனதைக் கண்டுபிடித்தது நான். செல்போன் டவர்தான் காரணம் என்று தெருவில் நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசியதும் நான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை, பாதிச் சொல்லை மென்று விழுங்கிவிடுகிறார்கள் என்பதும் என் கண்டுபிடிப்புதான். நல்லதையும் சொல்லாமல் விடமாட்டேன். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய குக்கர், அடுப்பில் இருப்பதே தெரியாது, அவ்வளவு அடக்கம். வாய்க்கால் ஓரத்து வீடாக இருந்தும் எங்கள் வீட்டில் கொசு கிடையாது. என் மனைவி மட்டும் ஏனோ படுத்தபடியே கைகளைத் தட்டிக்கொண்டிருப்பாள். அது அவளுக்கு ஒரு பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் கம்பெனி விசில் ராக்கெட் ஒன்று புதிதாகச் செய்யத் தொடங்கியிருந்தது. கொளுத்தினால் 'புர்ர்' என்று கிளம்பி, நீளமாக விசிலடித்துக்கொண்டே மேலே போய், உச்சியில் பூவாக விரிய வேண்டும். வடநாட்டிலிருந்து பெரிய ஆர்டர். மருந்து கலப்பவன் ஆனைக்குட்டத்துக்காரன். நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டான், மொபெட்டில் வருவான். வீட்டில் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் அவன் ஒருவன் சம்பளம்தான்.

முதல் லாட் கொளுத்தினோம். 'புர்ர்' வந்தது, பூ வந்தது, நடுவில் விசில் வரவில்லை. தேறாது என்று சொன்னேன்.

"விசில் வந்துச்சேண்ணே" என்றான்.

"ஏலே, வராத விசிலை வந்துச்சுங்கியா? எங்கிட்டயேவா?" என்று ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தேன். பொட்டலில் எங்கள் இருவரைத் தவிர, தள்ளி நின்று ராக்கெட் நட்டுக் கொடுக்கும் ஆள் ஒருவர்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். என் சொல்லுக்கு மேல் அங்கே சொல் கிடையாது.

இரண்டாவது லாட்டும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படித்தான். மூன்றாவது முறை அவன் கருகிய குச்சியைப் பொறுக்கப் போய்விட்டான். மூன்று லாட்டும் தனி ஷெட்டுக்குப் போயின. சனிக்கிழமை முதலாளி அவனை அழைத்து, திங்கட்கிழமை நாலாவது லாட்டைத் தானே வந்து பார்ப்பதாகவும், அதுவும் விசிலடிக்காவிட்டால் அவன் கணக்கை முடித்துக்கொண்டு வேறு கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேலை தெரியாதவனுக்கு இதுதான் நியாயம் என்றே எனக்குப் பட்டது.

மறுநாள் ஞாயிறு. என் மகள் விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். அவளுடைய பாடத்தில் ஓபரா என்று ஒன்று வருகிறதாம். மேடையில் வசனமே பேசாமல் கதை முழுவதையும் பாட்டாகவே பாடுவது. வெளிநாட்டில் ஏதோ ஓர் அரங்கத்தில் நடந்ததைப் படம்பிடித்திருக்கிறார்கள், அதை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுமுன், ஒன்றுமே தெரியாத இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டுமாம். ஒன்றுமே தெரியாதவர்கள் என்றதும் அவளுக்கு எங்கள் ஞாபகம் வந்திருக்கிறது.

"எம்புட்டு நேரம்?" என்று கேட்டேன்.

"ரெண்டே முக்கால் மணி நேரம்ப்பா."

எழுந்துவிட்டேன். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். விருதுநகர் எண்ணெய் பரோட்டா. கூடவே சால்னாவும். உட்கார்ந்துவிட்டேன். எனக்கு விலை உண்டு, ஆனால் அதிகம் கிடையாது.

கதை கடற்கரை ஊர் ஒன்றில் நடக்கிறது. கலங்கரை விளக்கம் காக்கிற கிழவனுக்கு ஒரே மகள். அவளுக்கு ஒரு மாலுமி மேல் ஆசை. கிழவனுக்குப் பிடிக்கவில்லை, சூழ்ச்சி செய்து மாலுமியைத் தூர தேசம் போகும் கப்பலில் ஏற்றிவிடுகிறான். அவள் தினமும் சாயங்காலம் விளக்கேற்றிக் கடலைப் பார்த்துக் காத்திருக்கிறாள். இவ்வளவுதான் கதை. இதைச் சொல்ல நம் ஊர் பொங்கல் நாடகக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் போதும், நடுவில் பபூன் வந்து போவதற்கும் நேரம் இருக்கும்.

மகள் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். "இப்ப அவ, 'நான் போறேன்'ங்கிறா." ஐந்து நிமிடம் கழித்தும் அவள் போகவில்லை. "இன்னும் 'நான் போறேன்'தான்ப்பா." நான் போகட்டுமா என்று கேட்டேன். என் மனைவி தொடையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்தாள். மாலுமிக்கும் கிழவனின் ஆளுக்கும் கத்திச் சண்டை நடந்தது. கத்திக்குத்து வாங்கின அந்த ஆள் கீழே விழுந்தான், எழுந்தான், கையை விரித்துப் பாடினான், மறுபடி விழுந்தான். வயிற்றில் கத்தியோடு இந்தத் தம் கட்டுகிற ஆளை எங்கள் கம்பெனியில் லோடு ஏற்ற விட்டால் இரண்டு ஆள் கூலி மிச்சம்.

எனக்கு அங்கே பிடித்தது கிழவன் ஒருவனைத்தான். அடிவயிற்றிலிருந்து பாடினான், ஒவ்வொரு சொல்லும் கணீரென்று வந்து விழுந்தது. வில்லனாக இருந்தால் என்ன, பாடத் தெரிந்தவன் அவன்தான் என்றேன். கிழவனின் மகள் நடுநடுவே நன்றாகத்தான் பாடினாள், ஆனால் அவ்வப்போது வாயை மட்டும் அசைத்துவிட்டு விட்டுவிடுகிறாள், தொண்டை கட்டியிருக்க வேண்டும். மேடைக்குக் கீழே பள்ளத்தில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். கேமரா அடிக்கடி அங்கே போனது. அதில் ஒருவன் கட்டைவிரல் தடிமனில் ஒரு குட்டிக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஊதாம உக்காந்து சம்பளம் வாங்குறான் பாரு, கம்பெனிக்குக் கம்பெனி இப்படி ஒருத்தன் இருக்கத்தான் செய்றான்" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் மேடையில் விளக்கேற்றும் காட்சி வந்துவிட்டது. நிஜத் தீ. அவளுடைய பாவாடையோ தரையெல்லாம் புரள்கிறது, பின்னால் துணித் திரை, சுற்றிலும் மர மேடை. நான் பரோட்டாவை விட்டுவிட்டேன். ஒரு மணல் வாளி இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி இல்லை. அவள் விளக்கை வைத்துக்கொண்டு திரும்பும்போதெல்லாம் "தள்ளி நில்லு தாயி, தள்ளி நில்லு" என்று நான் கத்த, என் மனைவி, "கொஞ்சம் வாயை மூடுறீகளா, அவளே அவனக் காணாம நிக்கா" என்று அதட்டினாள். அவள் எந்த நேரத்தில் கதைக்குள் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் காட்சி. கப்பல் மூழ்கிவிட்டதாகச் சேதி வருகிறது. கிழவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறான். மகள் மேடையின் முன்னால் வந்து நிற்கிறாள். பள்ளத்தில் எல்லோரும் வயலின் வில்லைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அவள் கழுத்து நரம்பு புடைத்து நின்றது, கண்ணில் நீர் கட்டியிருந்தது, வாய் திறந்தபடி இருந்தது. டிவி ஊமையாகிவிட்டது. உச்சகட்டத்தில் கழுத்தை அறுப்பதற்கென்றே செய்த டிவி. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஏற்றினேன். ஒன்றுமில்லை. அது ஏறுகிற மட்டும் ஏற்றினேன். மகளும் மனைவியும் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். எதற்கு ஆட்டுகிறார்கள் என்று நான் கேட்பதற்குள், பள்ளத்தில் இருந்த அறுபது பேரும் ஊர்க்காரர்களாக நடித்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் முழங்கினார்கள். ஜன்னல் அதிர்ந்தது. என் மனைவி கையிலிருந்த தம்ளர் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் எந்தப் பட்டாசு யூனிட்டில் விபத்து என்று பார்க்கத் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்.

மகள் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினாள்.

"டிவியில சவுண்டு கட்டாயிருச்சு. நாளைக்கு மெக்கானிக்கை வரச்சொல்லு" என்றேன்.

"கட்டாகலப்பா. அவ பாடினா."

"வாயத் தொறந்துக்கிட்டு நின்னா. எங்க பாடினா?"

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அழுதிருக்கிறாள், வெங்காயத்துக்கு அழுதிருக்கிறாள், ஒரு பாட்டுக்கு அழுது நான் பார்த்ததில்லை. "என்னமா பாடினா. ஒத்த நூல் மாதிரி இழுத்தா. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

மகள் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டாள். திரையில் அவள் வாயைத் திறந்தாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி போட்டாள். டிவியின் மேல் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். பெட்டியின் சூடு மட்டும் கன்னத்தில் பட்டது.

"அந்தக் குட்டிக் குழல்காரர் படம் பூரா வாசிச்சாருப்பா" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாளாக எல்லோருடைய உதட்டையும் பார்க்கிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குக்கர் தினம் மூன்று விசில் அடிக்கிறதாம். மூன்று வருடமாக என் மனைவிதான் ஓடிப்போய் அணைக்கிறாளாம். வேப்பமரத்தில் குருவி அப்படியே இருக்கிறதாம், நான் டவரைப் பற்றி மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தபோதுகூட மேலே கத்திக்கொண்டுதான் இருந்ததாம். கொசுவைப் பற்றி நானே வாயைத் திறக்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா ஒத்துக்குவீகளா? ஊருக்கே காது நீங்கதானே" என்றாள் மனைவி.

வெடிச் சத்தம் காதில் முதலில் மெல்லிய கீச்சுச் சத்தங்களைத்தான் தின்னும், கனத்தவற்றைக் கடைசிவரை விட்டுவைக்கும் என்று மகள் எங்கோ படித்ததைச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்குமுன்பே எனக்கு ஆனைக்குட்டத்துக்காரன் முகம் வந்துவிட்டது. விசில் வந்துச்சேண்ணே. மூன்று லாட். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. காது போன ஆளுக்குப் பொட்டலில் என்ன வேலை?

என் மனைவி நான் நினைப்பதைப் படித்துவிடுவாள், அதற்கு நான் சத்தம் போடவே வேண்டாம். "ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு நாலாவது லாட்டை நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாங்க. அவனுக்கும் வேலை நிக்கும், உங்களுக்கும் நிக்கும்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பிசகும் இல்லை. மிச்சம் இருந்த பரோட்டாவைச் சாப்பிட்டேன். இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பொட்டலில் முதலாளி, நான், அவன், ராக்கெட் நடுகிற ஆள். கம்பெனி வழக்கப்படி செருப்பையெல்லாம் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றோம். திரியில் தீ வைத்தார்கள். 'புர்ர்' கேட்டது. வெள்ளைப் புகை கோடாக மேலே ஏறியது. நான் வானத்தை விட்டுவிட்டுச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தேன், முன்பே பார்த்திருக்க வேண்டியது. முதலாளியின் புருவம் மேலே போனது. ராக்கெட் நட்ட ஆள் லேசாகச் சிரித்தார். ஆனைக்குட்டத்துக்காரன் மட்டும் மேலே பார்க்கவே இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின மூன்று தடவையும் அவன் பார்த்தது என் முகத்தைத்தான் என்று அப்போது புரிந்தது.

உச்சியில் பூ விரிந்தது.

"என்னய்யா?" என்றார் முதலாளி.

"நல்லாருக்கு, மொதலாளி. தேறும்."

அவன் மூச்சை விட்டான், தோள் இறங்கியதைப் பார்த்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முதலாளிதான் முடிக்கவிடவில்லை. "பாத்தியாலே? வேலையை விட்டுத் தூக்கிருவேன்னு சொன்னாத்தான் உங்களுக்கெல்லாம் மருந்து கலக்க வருது. இதைத்தானே மொத நாளே செஞ்சிருக்கணும்? மூணு லாட்டு சரக்கை நாசம் பண்ணிட்டு நிக்கே" என்று பிடித்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே பாத்துச் செய்றேன் மொதலாளி" என்றான்.

செய்யாத தப்புக்கு இனிமேல் பாத்துச் செய்கிறானாம். எனக்கு வந்ததே கோபம். யார்மேல் என்று தெரியாமல் அவன்மேல்தான் முதலில் பாய்ந்தேன். "ஏலே, வாயில்லையா உனக்கு? விசில் வந்துச்சுன்னு எங்கிட்டச் சொன்னேல்ல, இவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானே!"

முதலாளி என்னைப் பார்த்தார்.

"மொத மூணு லாட்டும் நல்ல சரக்குதான், மொதலாளி" என்றேன். "விசில் வந்திருக்கு. எனக்குத்தான் கேக்கல. இப்ப வந்ததும் கேக்கல. உங்க புருவத்தைப் பாத்துத்தான் தேறும்னு சொன்னேன்."

யாருடைய உதடு முதலில் அசையும் என்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி அதன்பின் ஒரு கால்மணி நேரம் பேசினார். அடித்தொண்டைக்காரர், ஓபராவில் கிழவன் வேடத்துக்குப் பொருத்தமானவர், அதனால் ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. அதை இங்கே எழுத வேண்டாம். கடைசியில் ஷெட்டில் கிடந்த மூன்று லாட்டிலிருந்தும் ஒவ்வொன்று கொண்டுவரச் சொல்லி அவரே கொளுத்திப் பார்த்தார். மூன்று முறையும் புருவம் ஏறியது. பிறகு ஆனைக்குட்டத்துக்காரன் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். என் பக்கம் திரும்பி, "வெடின்னா நீரு சொல்லும். விசில்னா இனி அவன் சொல்லட்டும். காதுக்கு டாக்டரைப் பாரும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். இருபத்தெட்டு வருட வேலையில் பாதி போய்விட்டது. முழுவதும் போகும் என்று நினைத்து வந்தவனுக்கு அது நிறையத்தான்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் பொட்டலில் நின்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. ஆகவே அதட்டினேன்.

"எனக்குக் கேக்கலைன்னு உனக்கு எப்பலே தெரியும்?"

"ரெண்டாவது லாட்டுலயே தெரியும்ணே."

"பின்ன ஏன் மொதலாளிட்டச் சொல்லல?"

அவன் சாம்பலான புல்லைக் காலால் ஒதுக்கினான். "எப்படிண்ணே சொல்ல? எனக்கு வேற கம்பெனி கெடைக்கும். உங்களுக்கு இந்த வயசுல யாருண்ணே வேலை குடுப்பா?"

மன்னிப்பு வரவில்லை, வேறு ஏதோ வந்தது. "எப்படிலே இருக்கும் அது? உன் விசில்?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். பிறகு என் பக்கத்தில் வந்து, காதருகே வாயை வைத்து, எனக்குக் கேட்கிற மாதிரி அடித்தொண்டையில், "ஊ..." என்று தொடங்கினான். வலது கையை முழங்காலருகிலிருந்து மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போனான். கை இடுப்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது. மூச்சு முட்டி, கழுத்து நரம்பு புடைத்து நின்றது, ஆனாலும் விடவில்லை. கை தலைக்கு மேலே போனபின்தான் விரல்களை விரித்தான்.

"இம்புட்டு நீளம்ணே" என்றான், இரைத்துக்கொண்டே.